செத்த மாட்டைத் திறந்து பார்த்தவர்கள்

வெக்கை நோய் இந்தியாவில் கடைசியாகத் தலைகாட்டியது எங்கள் மாவட்டத்தில்தான். 1995 ஜூன் மாதம். அப்போது அதற்கு வடாற்காடு அம்பேத்கர் மாவட்டம் என்று பெயர். அதற்குப் பிறகு இந்த நாட்டில் ஒரு மாடுகூட வெக்கையில் சாகவில்லை. 2006இல் இந்தியா வெக்கை இல்லாத நாடு என்று உலகக் கால்நடை நல அமைப்பு ஏற்றுக்கொண்டது. 2011இல் உலகத்திலேயே இல்லை என்று அறிவித்தார்கள். மனிதருக்கு வரும் பெரியம்மைக்கு அடுத்தபடியாக, பூமியை விட்டே துரத்தப்பட்ட இரண்டாவது நோய் இது.

எங்க ஆயா இருந்திருந்தால் இந்தச் செய்தியை நம்பியிருக்காது. வெக்கை என்ற சொல்லை ராத்திரியில் வாயால் சொல்லக்கூட விடாது. "வெக்கை வந்தா ஊர்ல மாடு சாவும், சேரியில ஆளு அடிபடுவான்" என்று சொல்லும். அது ஏன் அப்படிச் சொன்னது என்பதுதான் நான் இங்கே எழுத வந்த விஷயம்.

மாட்டு நோய்களின் வரலாறு இப்போது இரண்டு விதமாக எழுதப்படுகிறது. ஒன்று, ஆய்வுக்கூடமும் ஊசியும் டாக்டர்களும் வரும் வரலாறு. இன்னொன்று, நம் முன்னோர்கள் மூலிகையாலேயே எல்லா நோயையும் தீர்த்தார்கள் என்று மேடையில் சொல்லப்படும் வரலாறு. இரண்டாவதில் முனிவர்கள் வருகிறார்கள், சித்தர்கள் வருகிறார்கள், ஓலைச்சுவடி வருகிறது, பஞ்சகவ்யம் வருகிறது. செத்த மாட்டைத் தூக்கி, தோலை உரித்து, குடலை அலசி, எதனால் செத்தது என்று பார்த்த சனங்கள் இரண்டிலும் வருவதில்லை.

எங்கள் சேரிக்குத் தெற்கே ஏரிக்கரையை ஒட்டி ஒரு மேடு. தோல் உரிக்கிற இடம். ஊரில் யார் வீட்டு மாடு செத்தாலும் ஆள் வரும். "மாடு செத்துப்போச்சி, வந்து இழுத்துக்கினு போங்கடா." வேறு பேச்சு கிடையாது. நாலு பேர் மூங்கில் எடுத்துக்கொண்டு போவார்கள். தோல் பெரும்பாலும் மாட்டுக்காரனுக்கு, இல்லையென்றால் தோல் வியாபாரியிடம் விற்றுப் பாதிப்பணம் அவனுக்கு. கறி நமக்கு. அந்தத் தோல் வாணியம்பாடிக்கும் ஆம்பூருக்கும் பேரணாம்பட்டுக்கும் போய், ஆவாரம்பட்டையில் ஊறிப் பதமாகி, கப்பல் ஏறிச் சீமைக்குப் போனது. வடாற்காட்டுத் தோல் தொழிலின் பெருமையைப் பேசுகிறவர்கள் அந்தத் தோல் எந்த மேட்டில் உரிக்கப்பட்டது என்று பேசியதில்லை.

நான் சின்னப்பிள்ளையாக அந்த மேட்டில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அறுபதுகளின் கடைசி. தாத்தா கத்தியை உடனே எடுக்கமாட்டார். முதலில் மாட்டைச் சுற்றி ஒருமுறை நடப்பார். மூக்கைப் பார்ப்பார், வாலைத் தூக்கி ஆசனவாயைப் பார்ப்பார். முன்னங்காலைப் பிடித்து மடக்கிப் பார்ப்பார். செத்து வெகுநேரமாகியும் கால் சரியாக விறைக்காமல் இருந்து, வயிறு மட்டும் தம்மென்று உப்பி, மூக்கிலும் பின்பக்கமும் தார் மாதிரி கறுப்பு ரத்தம் உறையாமல் கசிந்தால் கத்தியைத் திரும்ப இடுப்பில் செருகிவிடுவார். "அடைப்பான். குழி வெட்டுங்கடா. கீறாதீங்க."

அன்றைக்குச் சேரியில் கறி கிடையாது. பிள்ளைகள் அழும். ஆயா அரிவாள்மனையை மடித்து வைத்துவிடும்.

அடைப்பானுக்குக் காரணமான கிருமியை 1876இல் ராபர்ட் கோக் என்ற ஜெர்மன் மருத்துவர் விளக்கினார். கிருமி உடலுக்குள் இருக்கும்வரை ஒரு வடிவம். உடலைக் கிழித்து ரத்தம் காற்றில் பட்டால் அது கெட்டியான வித்தாக மாறி மண்ணில் பல பத்தாண்டுகள் சாகாமல் கிடக்கும். கிழிக்காமல் புதைத்தால் அழுகலிலேயே பெரும்பகுதி செத்துப்போகும். இன்றும் கால்நடைத் துறை சொல்வது இதைத்தான்: அடைப்பானில் செத்ததை அறுக்காதே, ஆழக் குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதை. தாத்தாவுக்குக் கிருமி என்றால் என்னவென்று தெரியாது. கீறினால் என்ன ஆகும் என்று மட்டும் தெரியும். தெரிந்துகொண்டதற்குக் கொடுத்த விலை அவர் கூடப்பிறந்தவன். எங்க சின்னத் தாத்தா.

மாட்டுக்காரன் தோல் வேண்டும் என்றிருக்கிறான். "தோலைத் திருடறதுக்குப் பொதைக்கிறேன்னு சொல்றியா? உரிச்சிக் குடுத்துட்டுப் பொதைடா." சின்னத் தாத்தா உரித்தார். ரெண்டு மூணு நாளில் முழங்கைக்குக் கீழே ஒரு கொப்புளம். வலியில்லை. நடுவில் கரிபோலக் கறுத்துச் சுற்றிலும் வீங்கியது. அப்புறம் காய்ச்சல். அவர் செத்தபோது என் அப்பாவுக்கு நடக்கத் தெரியாது. இது கட்டுக்கதை என்று நினைக்கிறவர்களுக்குச் சொல்கிறேன். வேலூர்ப் பக்கமும் ஆந்திர எல்லையிலும் மனிதருக்கு அடைப்பான் கண்டது மருத்துவ ஏடுகளிலேயே பதிவாகியிருக்கிறது.

வெக்கை வேறு. கண்ணில் நீர், மூக்கில் சளி, ஈறிலும் நாக்கடியிலும் உமியைத் தூவினது மாதிரி புண், அப்புறம் பீய்ச்சியடிக்கும் கழிச்சல், கடைசியில் ரத்தம். ஒரு வாரம் பத்து நாளில் மாடு சாய்ந்துவிடும். அறுத்துப் பார்த்தால் மலக்குடலின் உள்பக்கம் வரிவரியாகச் சிவந்து கிடக்கும். தாத்தா விரலால் தடவிக் காட்டுவார்: "பாரு, வரிப்புலி மாதிரி கீதா? இது வெக்கை." கால்நடை மருத்துவப் பாடத்தில் இதற்கு வரிக்குதிரைக் கோடு என்று பெயர். வரிக்குதிரையை எங்கள் தாத்தா பார்த்ததில்லை. புலியையும் பார்த்திருக்கமாட்டார். வேஷம் கட்டி ஆடியிருக்கிறார்.

வெக்கையில் செத்த மாட்டைத் தின்றால் மனிதருக்கு ஒன்றும் ஆகாது. அந்த வைரஸ் மனிதரைப் பிடிப்பதில்லை. அடைப்பானில் செத்ததைத் தொட்டாலே ஆபத்து. பசியில் இருக்கிற ஒரு சேரிக்கு இந்த வித்தியாசம் உயிர்ப்பிரச்சினை. அதனால் அது அங்கே பாடமாகியது. சாதி இந்துவின் வீட்டில் மாட்டைக் கும்பிட்டார்கள், பொங்கலன்று கொம்புக்கு வர்ணம் அடித்தார்கள். அதன் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது. செத்தபிறகு அவர்கள் அதைத் தொடுவதே இல்லையே!

மாடு உயிரோடு இருக்கும்போதும் கூப்பிடுவது எங்களைத்தான். ஊரில் மாட்டு வாகடம் படித்த வைத்தியர் ஒருத்தர் இருந்தார். அச்சடித்த புத்தகம் வைத்திருப்பார். பாட்டு சொல்வார், சூட்டுக்கோலைப் பழுக்கக் காய்ச்சச் சொல்வார். ஆனால் மாட்டின் வாயைப் பிளந்து மூங்கில் கொட்டத்தில் மருந்து ஊற்றுவதும், புண்ணில் நெளியும் புழுவை எடுப்பதும், கன்று குறுக்கே திரும்பிக்கொண்டால் கையை உள்ளே விட்டுத் திருப்புவதும் சேரி ஆட்கள். அதில் பாதி பெண்கள். ஆயாவைத் தொழுவத்துக்குள் விடுவார்கள். வீட்டுக்குள் விடமாட்டார்கள்.

ஆயாவின் மருந்து பெரிதாக ஒன்றும் இல்லை. கோமாரி வந்து வாயெல்லாம் புண்ணானால் கேழ்வரகுக் கூழை ஆறவைத்து ஊட்டும். நாக்கில் நல்லெண்ணெயும் வெல்லமும் தடவும். குளம்பு வெடிப்புக்குக் குப்பைமேனி, வேப்பிலை, மஞ்சள் அரைத்து எண்ணெயில் காய்ச்சிப் போடும். புழு வைத்தால் சீத்தா இலையை அரைத்து அப்பும். வயிறு உப்பினால் வெற்றிலையும் மிளகும் பெருங்காயமும். கழிச்சலுக்கு ஆவாரம்பட்டைக் கஷாயம். தோல் பதனிடும் அதே பட்டைதான்; "தோலைப் பிடிக்கிறது குடலைப் பிடிக்காதா?" என்று கேட்கும். சூடு போடுவது மட்டும் அதற்குப் பிடிக்காது. நோவோடு நோவு சேர்க்கிற வேலை என்று திட்டும். இந்த விஷயத்தில் அந்த வைத்தியரைவிட எங்க ஆயா பக்கம்தான் நியாயம்.

ஆனால் ஒன்று. வெக்கைக்கு மருந்து இருக்கிறது என்று ஆயா ஒருநாளும் சொன்னதில்லை. "அதுக்கு மருந்து இல்லடா. நோவு கண்ட மாட்டத் தனியா கட்டு, அதோட தண்ணித்தொட்டியத் தொடாத, வர்ற கூளத்த வாங்காத. பொழச்சா அதும் புண்ணியம்." பிழைத்த மாட்டுக்கு மறுபடி வெக்கை வராது என்பதும் அதற்குத் தெரியும். வெக்கை பட்டுப் பிழைத்த மாட்டைச் சந்தையில் கூட விலை கொடுத்து வாங்குவார்கள் என்று சொல்லும். தடுப்பூசி நிற்பதும் இதே உண்மையின் மேல்தான்.

மூலிகையை நம்பி மோசம்போனவர்கள் நாம் மட்டும் என்று யாரும் வெட்கப்பட வேண்டாம். 1865இல் இங்கிலாந்தில் வெக்கை புகுந்தபோது அங்கேயும் தொழுவத்தில் வெங்காயம் கட்டினார்கள், ஹோமியோபதி மருந்தைச் சோதிக்க ஒரு சங்கமே அமைத்தார்கள். ஒன்றும் பலிக்கவில்லை. 1866இல் சட்டம் போட்டு, நோய் கண்ட மாட்டைச் சுட்டுப் புதைத்து, சந்தையை மூடித்தான் நோயை நிறுத்தினார்கள்.

இங்கே அப்படிக் கொன்று நிறுத்த வெள்ளைக்காரன் துணியவில்லை. 1869இல் ஹாலன் என்ற படைக் கால்நடை மருத்துவர் தலைமையில் ஒரு விசாரணைக் குழு போட்டான். 1871இல் அறிக்கை வந்தது. வெக்கை, கோமாரி, அடைப்பான் எல்லாம் நாடு முழுக்க இருப்பது காகிதத்தில் ஏறியது. அதற்கு முன்னாலேயே வேறொரு விசாரணை நடந்துகொண்டிருந்தது. அதைப் போலீஸ் நடத்தியது.

1850களிலிருந்து வடக்கே, இன்றைய உத்தரப் பிரதேசத்தின் கிழக்கு மாவட்டங்களில், மாடுகள் கூட்டமாகச் செத்தால் சமார்கள் விஷம் வைத்தார்கள் என்று சொல்லத் தொடங்கினார்கள். தோலுக்காக வெள்ளைப் பாஷாணம் வைத்துக் கொல்கிறார்கள் என்பது குற்றச்சாட்டு. தோல் ஏற்றுமதி பெருகப் பெருகக் குற்றச்சாட்டும் பெருகியது. குன்றிமணியை அரைத்து ஊசிபோலக் காயவைத்து மாட்டின் தோலில் குத்துகிறார்கள் என்பது இன்னொன்று. ஒரு சாதியே விஷக்கார சாதி என்று அரசாங்கக் காகிதங்களில் எழுதப்பட்டது. 1920இல் பிரிக்ஸ் என்ற பாதிரியார் சமார்களைப் பற்றி எழுதிய பெரிய புத்தகத்திலும் இது இடம்பிடித்தது. நஞ்சு விற்பனையைக் கட்டுப்படுத்தி 1904இல் சட்டம் வந்ததற்குப் பின்னாலும் இந்தப் பயம் இருந்தது.

அண்மைக் காலத்தில் ராம்நாராயண் ராவத், சௌரப் மிஸ்ரா ஆகிய ஆய்வாளர்கள் இந்தக் காகிதங்களைத் தோண்டியிருக்கிறார்கள். ராவத்தின் நூல் 2011இல் வந்தது. சமார்களில் மிகப் பெரும்பாலோர் உழுது பிழைத்த விவசாயிகள், தோல் தொழிலோடு அவர்களைக் கட்டிப்போட்டதே ஒரு கற்பிதம் என்று அவர் காட்டுகிறார். நோய் என்று அறியப்படாத சாவுகள் விஷம் என்று எழுதப்பட்டன. வெள்ளைப் பாஷாணத்துக்கு வேறு உபயோகமும் இருந்தது. ஏற்றுமதியாகும் தோலைப் பூச்சி அரிக்காமல் இருக்க அதைத்தான் பூசினார்கள். தோல் வியாபாரம் நடக்கிற இடத்தில் பாஷாணம் அகப்பட்டால் அதில் என்ன அதிசயம்? விஷம் வைத்தவன் ஒருத்தன்கூட இருந்திருக்கமாட்டான் என்று நான் சத்தியம் செய்யவில்லை. பசியும் பகையும் எல்லாச் சாதியிலும் உண்டு. ஒரு வைரஸ் செய்த வேலைக்கு ஒரு சாதியைக் குற்றவாளியாக்கியதைத்தான் சொல்கிறேன்.

இதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. குன்றிமணி என்ற சொல்தான் காரணம்.

சுதந்திரத்துக்கு முன்னால், என் அப்பா பையனாக இருந்த காலம். தாத்தா படியாளாக இருந்த வீட்டில் ஒரு ஜோடி உழவு மாடும் ஒரு பசுவும் அடுத்தடுத்துச் செத்தன. தோலுக்காக மருந்து வைத்துவிட்டான் என்று பேச்சு கிளம்பியது. சேரிக்குள் வந்து குடிசையைக் கலைத்தார்கள். ஒரு தகர டப்பாவில் குன்றிமணி கிடைத்தது. எங்க அத்தை பல்லாங்குழி ஆடப் பொறுக்கி வைத்திருந்தது. அது போதுமாக இருந்தது. தாத்தாவைப் புளியமரத்தில் கட்டினார்கள்.

மிச்சத்தை ஆயா சொன்னபடியே தருகிறேன்:

"நா கால்ல வுயுந்தேன். ஆண்டே, அவரு வைக்கலே ஆண்டே, அது வெக்கை, கொடலப் பாருங்க, வரி கீதுன்னேன். ஏண்டி, நாங்க கொடலப் பாக்கணுமா, பறச்சி எங்களுக்குச் சொல்லிக் குடுக்கறியான்னு ஒதைச்சான். பொயுது சாயற வரிக்கும் அடிச்சாங்க. நம்ம வூட்ல வாரத்துக்கு வளத்த கன்னுக்குட்டி ஒண்ணு இருந்திச்சி. மறாநாளு அதும் நொரை தள்ளிக்கினு பேஞ்சிக்கினு வுயுந்திச்சி. மேலத்தெருவுலயும் நாலு மாடு வுயுந்திச்சி. அப்பறம்தான் அவுத்து வுட்டாங்க. தப்புன்னு ஒரு வார்த்த சொல்லலே. அன்னிக்கே ஆளு வந்திச்சி, மாடு செத்துக் கெடக்குது வந்து தூக்குன்னு. ஒங்க தாத்தா அந்த ஒடம்போட போயி தூக்கினாரு."

வெக்கையைத் தீர்க்க அந்த ஊர் செய்த வைத்தியத்தையும் சொல்லவேண்டும். எல்லையம்மனுக்கு எருமை வெட்டினார்கள். ரத்தம் கலந்த சோற்றை எல்லை முழுக்க இறைத்து, நோயைப் பக்கத்து ஊருக்கு ஓட்டினார்கள். கூடையைத் தலையில் சுமந்தவனும் பறை அடித்தவனும் நம்மாட்கள். காலராவுக்கும் அம்மைக்கும் மாட்டு நோய்க்கும் தென்னிந்தியக் கிராமங்களில் இப்படிப் பலி நடந்ததையும், அதில் தீண்டப்படாதவர்களுக்கு ஒதுக்கப்பட்ட வேலைகளையும் சென்னைப் பேராயராக இருந்த ஒயிட்ஹெட் 1916இல் நூலாகவே எழுதி வைத்திருக்கிறார். நோயை ஓட்டுவதற்கும் சேரியான் வேண்டும், நோயைக் கொண்டுவந்தவனும் சேரியான். பக்கத்து ஊரில் மாடு விழுந்தால் அங்கே யாரைக் கட்டுவார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

ஆய்வுக்கூட வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1889இல் பூனாவில் தொடங்கிய ஏகாதிபத்தியக் கிருமியியல் ஆய்வுக்கூடம் 1893இல் இமயமலை முக்தேஸ்வருக்குப் போனது. நோய் பரவினாலும் மலையைத் தாண்டாது என்பது கணக்கு. 1920களில் எட்வர்ட்ஸ் என்பவர் வெக்கை வைரஸை ஆடுகளில் திரும்பத் திரும்ப வளர்த்து வலுவைக் குறைத்துத் தடுப்பூசியாக்கினார். 1954இல் தேசிய வெக்கை ஒழிப்புத் திட்டம் தொடங்கியது. பிறகு பிளௌரைட் என்ற ஆங்கிலேயர் செல் வளர்ப்பில் செய்த, இன்னும் நல்ல தடுப்பூசி வந்தது. எங்கள் மாவட்டத்து ராணிப்பேட்டையிலேயே கால்நடைத் தடுப்பு மருந்து நிலையம் இருக்கிறது. மாடு மாடாகத் தேடிப்போய் ஊசி போட்ட கடைநிலை ஊழியர்களின் உழைப்பு பெரிது. அதை நான் குறைத்துப் பேசமாட்டேன்.

ஊசி எங்கள் சேரிக்கு வந்த கதையையும் சொல்லவேண்டும். எழுபதுகளின் தொடக்கம். ஊர் மந்தையில், கோயிலுக்கு எதிரே ஊசி போட்டார்கள். எங்கள் வீட்டில் இரண்டு மாடு. ஒன்று வாரத்து மாடு, அதாவது ஊர்க்காரருடையது, நாங்கள் வளர்த்துக் கன்றைப் பங்குபோடுவது. இன்னொன்று எங்களுடையதே, அப்பா கூலிக்காசில் வாங்கியது. இரண்டும் ஒரே கொட்டகையில் ஒரே தொட்டியில் தண்ணீர் குடிப்பவை. வாரத்து மாட்டை முதல் வரிசையில் விட்டார்கள். எங்கள் மாட்டைக் கடைசியில் நிற்கச் சொன்னார்கள். அப்பா கயிற்றைப் பிடித்துக்கொண்டு மதியம்வரை வெயிலில் நின்றார். கரைத்த மருந்து அன்றைக்கே தீர்க்கவேண்டிய மருந்து. எங்கள் முறை வந்தபோது தீர்ந்துவிட்டது. "அடுத்த முறை பாக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஒட்டுவாரொட்டி நோய்க்கு இப்படி ஊசி போட்டால் நோய் எங்கே ஒளிந்துகொள்ளும் என்று எந்தப் படிக்காதவனுக்கும் தெரியும்.

எண்பதுகளில் எங்கள் சேரி இளைஞர்கள் செத்த மாடு தூக்கமாட்டோம், பறை அடிக்கமாட்டோம் என்று நின்றார்கள். 1927 மார்ச்சில் மகாட் மாநாட்டில் பாபாசாகேப் செத்த மாட்டுக் கறியை விடச் சொன்னது எங்கள் ஊருக்கு வந்துசேர அறுபது வருஷம் ஆகியிருக்கிறது. நான் அந்தக் கூட்டத்தில் பேசினவர்களில் ஒருத்தன். ஊர்க்காரர்கள் கூலிவேலையை நிறுத்தினார்கள், பாதையை அடைத்தார்கள். செத்த மாடுகள் தொழுவத்திலேயே நாறின. கடைசியில் டிராக்டரில் இழுத்துப்போய்ப் புதைத்தார்கள். 2016 ஜூலையில் குஜராத்தின் உனாவில் செத்த மாட்டைத் தோலுரித்த இளைஞர்களைக் கட்டிவைத்து அடித்தபோது, அங்குள்ள தலித்துகள் மாடுகளைத் தூக்க மறுத்தார்கள். அதைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது எனக்கு எங்கள் மந்தைவெளி நாற்றம் மூக்கில் வந்தது. 2002 அக்டோபரில் ஹரியானாவின் ஜஜ்ஜர் பக்கம் ஐந்து தலித்துகளை அடித்தே கொன்றார்கள். அவர்கள் கையிலும் தோல்தான் இருந்தது.

மேட்டை விட்டதோடு தாத்தாவின் படிப்பும் போய்விட்டது. வரியைப் பார்க்கத் தெரிந்தவர் இன்றைக்கு எங்கள் தெருவில் இல்லை. இதற்காக நான் வருத்தப்படவேண்டுமா? சில தோழர்கள் "மக்கள் அறிவு அழிகிறதே" என்கிறார்கள். எங்க அப்பா இருந்தால் அவர்களிடம் மூங்கிலைக் கொடுத்து ஒரு மாட்டைத் தூக்கிப் பார்க்கச் சொல்லியிருப்பார். அந்த அறிவை நாங்கள் விரும்பிப் படிக்கவில்லை. எங்கள் மேல் அது சுமத்தப்பட்டது. ஆனால் அது அறிவு. அதை எழுதி வைக்காமல் விட்டது எங்கள் தலைமுறையின் தப்பு.

இப்போது மரபு வைத்தியத்துக்கு மதிப்பு வந்திருக்கிறது. தஞ்சாவூரில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு மையம் மூலிகை முறைகளைச் சோதித்துச் சொல்லித்தருகிறது. தேசியப் பால்வள வாரியமும் பரப்புகிறது. மடிவீக்கத்துக்குச் சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் அரைத்துப் பூசச் சொல்கிறார்கள். எங்கள் தெருவில் பெண்கள் செய்கிறார்கள். டாக்டருக்கும் ஊசிக்கும் ஆகும் செலவு குறைகிறது, பாலில் மருந்து கலப்பதும் குறைகிறது. நல்ல வேலை. கோமாரிப் புண்ணுக்குச் சீரகம், வெந்தயம், மிளகு, மஞ்சள், பூண்டு, தேங்காய், வெல்லம் என்று அவர்கள் கொடுக்கும் பட்டியலைப் படித்தபோது ஆயாவின் கை வாசனை அடித்தது. ஆனால் அது வந்த புண்ணை ஆற்ற உதவும் மருந்து. கோமாரி வராமல் தடுக்க ஊசிதான். 2019இல் மத்திய அரசு கோமாரிக்கான தேசியத் தடுப்பூசித் திட்டத்தைத் தொடங்கியது. "ஊசி விஷம், மூலிகை போதும்" என்று யாராவது மேடையில் சொன்னால், அவருக்கு எத்தனை மாடு இருக்கிறது என்று கேளுங்கள். நாற்பது மாடு இருப்பவனுக்கு நாலு போனால் நஷ்டம். எங்கள் தெருவில் ஒருத்திக்கு இருப்பதே நாலு ஆடு.

ஆடு என்றதும் ஒன்று சொல்லவேண்டும். வெக்கையின் பங்காளி நோய் ஒன்று உண்டு, ஆட்டுக்கொல்லி நோய். இந்தியாவில் அதை முதலில் கண்டறிந்தது 1987இல், தமிழ்நாட்டில், இன்றைய விழுப்புரம் மாவட்டத்து அரசூரில். அந்த ஊர்க் கிருமியிலிருந்தே தடுப்பூசி செய்தார்கள். அதன் பெயரிலும் அரசூர் இருக்கிறது. 2030க்குள் இந்த நோயை உலகத்திலிருந்து ஒழிக்கவேண்டும் என்று இலக்கு வைத்திருக்கிறார்கள். மாடு நிலம் உள்ளவன் சொத்து. ஆடு பெரும்பாலும் நிலமில்லாத பெண்ணின் சொத்து. மாட்டு வெக்கைக்குக் காட்டிய வேகத்தை இதற்கும் காட்டுவார்களா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

போன மழைக்காலத்தில் எங்கள் காலனியில் ஆடுகள் விழுந்தன. மூக்கொழுகி, வாயில் புண், கழிச்சல். தகவல் சொன்னோம். அரசாங்க டாக்டர் வந்தார், சின்ன வயசு. நல்ல மனுஷன். எங்கள் தெருவுக்குள்ளேயே வந்து திண்ணையில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்தார். செத்த ஆட்டை அறுத்துப் பார்க்கவேண்டும், மாதிரி எடுத்து அனுப்பவேண்டும் என்றார். சுற்றிலும் பார்த்து, "இங்க அறுக்கத் தெரிஞ்சவங்க யாராவது இருக்கீங்களா?" என்று கேட்டார்.

யாரும் பதில் சொல்லவில்லை. பொடியன்கள் தரையைப் பார்த்தார்கள். ஆட்டுக்காரப் பெண் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றது. அவர் தப்பாக ஒன்றும் கேட்கவில்லை. ஆனாலும் ஒருத்தரும் நகரவில்லை.

டாக்டர் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு கையுறையை மாட்டிக்கொண்டு, தானே குந்தி உட்கார்ந்து ஆட்டைத் திறந்தார். நான் பக்கத்தில் போய்க் குனிந்தேன்.

"மலக்குடல்ல வரி இருக்குதா சார்?"

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு குடலைக் கீறி விரித்துக் காட்டினார். இருந்தது.